பிஸி பீவர்: நிலையைக் கூட்டினால் அதிக நேரம் ஓடுமா, குறியைக் கூட்டினாலா?

கேள்வி: தனிமரம்

வணக்கம். வேலை இல்லாத நேரத்தில் ட்யூரிங் இயந்திரங்களை ஓட்டிப் பார்க்க ஒரு சின்ன சிமுலேட்டர் எழுதினேன். பிஸி பீவர் பற்றித் தெரியாதவர்களுக்காக: இரண்டு பக்கமும் முடிவில்லாத டேப், எல்லாக் கட்டத்திலும் 0. ஒரு நேரத்தில் ஒரு கட்டத்தைப் படித்து எழுதும் தலை ஒன்று. இயந்திரத்துக்கு இத்தனை நிலை (அதன் உள் ஞாபகம்), இத்தனை குறி (கட்டத்தில் எழுதக்கூடியவை) என்று முதலிலேயே முடிவு செய்துகொள்கிறோம். ஒவ்வொரு நிலைக்கும் ஒவ்வொரு குறிக்கும் ஒரு விதி: எதை எழுத வேண்டும், எந்தப் பக்கம் நகர வேண்டும், அடுத்து எந்த நிலை. இப்படி எழுதக்கூடிய இயந்திரங்களில் பாதிக்கு மேல் நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கும், அவற்றை விட்டுவிடலாம். நிற்கிறவற்றில் எது அதிகப் படி ஓடிவிட்டு நிற்கிறது என்பதுதான் போட்டி. 1962இல் டிபோர் ராடோ ஆரம்பித்து வைத்தது. இரண்டு குறி மட்டும் என்றால் விடை 1, 6, 21, 107, 47176870 என்று போகிறது.

எனக்கு முதல் எண்ணிலேயே தகராறு. ஒரே ஒரு நிலை உள்ள இயந்திரத்துக்கு என் நிரல் 2 என்று சொல்கிறது, எல்லாப் பட்டியலிலும் 1 என்று இருக்கிறது. என் நிரலில் தலை இடம், வலம் மட்டுமில்லாமல் அதே கட்டத்தில் நிற்கவும் அனுமதித்திருக்கிறேன். அதனாலா?

அடுத்தது, 3 நிலை 2 குறிக்கு 21 படி, ஆனால் 2 நிலை 3 குறிக்கு 38 படி. இரண்டிலும் விதிகள் ஆறுதான், அப்புறம் எதற்கு இந்த வித்தியாசம்? கடைசியாக, என்னை ரொம்பவே குழப்புவது இதுதான். 2 நிலை 3 குறி இயந்திரம் ஒன்று யுனிவர்சல் என்று 2007இல் நிரூபித்தார்களாம். எந்தக் கணக்கையும் போடக்கூடிய இயந்திரம் அந்த அளவிலேயே இருக்கிறது என்றால், அதே அளவில் அதிகபட்சம் 38 படிதான் என்று யாரால் எப்படிச் சொல்ல முடிகிறது?

---

மாறிலி

முதல் கேள்விக்கு: ஆமாம், அதனால்தான். ராடோவின் விதியில் ஒவ்வொரு படியிலும் தலை நகர்ந்தே ஆக வேண்டும். ஒரே நிலை இருந்து, 0 படித்ததும் நகர்ந்து அதே நிலையிலேயே இருந்தால், புதுக் கட்டத்திலும் 0தான் இருக்கும், மறுபடி அதே விதி, அப்படியே ஒரே பக்கமாக ஓடிக்கொண்டே போகும். அதனால் நிற்க வேண்டுமென்றால் முதல் படியிலேயே நிற்க வேண்டும். விடை 1. குறிகளை ஆயிரமாகக் கூட்டினாலும் 1தான்.

உங்கள் விதியில், 0 படித்தால் 1 எழுதி அங்கேயே நில், 1 படித்தால் முடித்துக்கொள் என்று எழுதலாம், அது 2 படி. பத்துக் குறி கொடுத்தால் 0, 1, 2 என்று ஒரே கட்டத்தில் மாற்றி மாற்றி எழுதி 10 படி ஓட்டலாம், அதற்கு மேல் முடியாது.

இதில் பார்க்க வேண்டியது, 'நில்' அனுமதி படி எண்ணிக்கையைத்தான் ஊத வைக்கிறது, இயந்திரத்துக்கு உண்மையில் எந்தப் புதுத் திறமையையும் தருவதில்லை. ஏனென்றால் ஒரு குறியை எழுதிவிட்டு அங்கேயே நின்றால் அடுத்து எந்தக் குறியைப் படிக்கப் போகிறோம் என்பது ஏற்கெனவே தெரியும், நாமே எழுதியதுதானே. அந்தத் தொடரை முன்கூட்டியே ஓட்டிப் பார்த்து, கடைசியில் எதை எழுதிவிட்டு எந்தப் பக்கம் நகர்கிறதோ அதையே நேரடி விதியாக எழுதிவிடலாம். நிலைகள் கூடாது, குறிகள் கூடாது. ஆகவே டேப்பில் அதிகபட்சம் எத்தனை 1 எழுத முடியும் என்ற இன்னொரு போட்டியில் (சிக்மா என்று குறிப்பார்களே, 1, 4, 6, 13, 4098) 'நில்' இருந்தாலும் இல்லாவிட்டாலும் விடை ஒன்றுதான். படி எண்ணிக்கை மட்டும் கூடலாம், அதுவும் நகராமல் ஒரே கட்டத்தில் இருக்கும்போது அதே நிலையும் அதே குறியும் இரண்டு முறை வந்தால் சுழலில் மாட்டிவிடும் என்பதால், நிலை எண்ணிக்கையைக் குறி எண்ணிக்கையால் பெருக்கினால் வரும் மடங்குக்கு மேல் போகாது.

பட்டியல்களோடு ஒப்பிட வேண்டுமென்றால் 'நில்'லை எடுத்துவிடுங்கள். இன்னொன்று, நிற்கும் நிலைக்குப் போகிற அந்தக் கடைசித் தாவலையும் ஒரு படியாகவே எண்ண வேண்டும். அதை விட்டுவிட்டு 5, 20, 106 என்று வருகிறதே என்று கேட்பவர்கள் நிறையப் பேர்.

---

கணக்கு வாத்தியார்

38 படி இயந்திரத்தைக் கையாலேயே ஓட்டிப் பாருங்கள் தம்பி, ஒரு பக்கத் தாளில் முடிந்துவிடும், ஏன் குறி ஜெயிக்கிறது என்பதும் கொஞ்சம் பிடிபடும். விதிகள் ஆறு. அ நிலையில்: 0 படித்தால் 1 எழுதி வலம் போய் ஆ, 1 படித்தால் 2 எழுதி இடம் போய் ஆ, 2 படித்தால் 1 எழுதி வலம் போய் நிற்கலாம். ஆ நிலையில்: 0 படித்தால் 2 எழுதி இடம் போய் அ, 1 படித்தால் 2 எழுதி வலம், ஆவிலேயே, 2 படித்தால் 1 எழுதி இடம், ஆவிலேயே.

ஆ நிலையைக் கவனியுங்கள். 1ஆக இருப்பதை எல்லாம் 2 ஆக்கிக்கொண்டே வலப்பக்கம் போகிறது, 2ஆக இருப்பதை 1 ஆக்கிக்கொண்டே இடப்பக்கம் வருகிறது. தறியில் நாடா போய் வருகிற மாதிரி. திரும்பி வந்து இடது ஓரத்து வெற்றுக் கட்டத்தைத் தொட்டதும் அ நிலை ஒரு கை கொடுத்து இரண்டு கட்டம் நீட்டித்து மறுபடி வலப்பக்கம் தள்ளிவிடும். 19ஆம் படி முடியும்போது ஆறு கட்டமும் 2, தலை வலது ஓரத்து 2 மேல். அங்கிருந்து இடம் வரும்போது அத்தனையும் 1 ஆகிறது, இடது ஓரம் இரண்டு கட்டம் நீள்கிறது, திரும்ப வலம் போகும்போது அத்தனையும் 2 ஆகிறது. இந்தத் தடவை வலது ஓரத்தையும் தாண்டி வெற்றுக் கட்டத்தில் விழுந்து, 2 எழுதிவிட்டு அ நிலைக்கு மாறி இடம் வருகிறது, அங்கே இருப்பது 2. அ நிலையில் 2 படித்தால் நிற்க வேண்டும். 38ஆம் படி. டேப்பில் 0 இல்லாத கட்டம் ஒன்பது.

இதையே இரண்டு குறியில் செய்ய வேண்டுமென்றால் எந்தத் திசையில் போய்க்கொண்டிருக்கிறோம் என்பதை நிலையில்தான் ஞாபகம் வைக்க வேண்டும், அதற்கே ஒரு நிலை செலவாகிவிடும். மூன்று குறி இருந்தால் அந்த ஞாபகம் டேப்பிலேயே கிடக்கிறது, ஒரே நிலை இரண்டு திசைக்கும் போதும். நிலை என்பது தலையில் மட்டும் இருக்கிற ஞாபகம், குறி ஒவ்வொரு கட்டத்திலும் இருக்கிற ஞாபகம்.

விதிகளின் எண்ணிக்கையை ஒன்றாக வைத்து ஒப்பிட்டால் இடைவெளி பயங்கரமாக அகலும். எட்டு விதி: 4 நிலை 2 குறிக்கு 107. 2 நிலை 4 குறிக்கு 39,32,964. பத்து விதி: 5 நிலை 2 குறிக்கு 4,71,76,870. 2 நிலை 5 குறிக்கு 2007இலேயே 10இன் 704ஆம் அடுக்கைத் தாண்டி ஓடி நிற்கிற ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டார்கள், அதற்கப்புறம் இன்னும் எங்கேயோ போய்விட்டது. நடுவில் ஒன்பது விதி, 3 நிலை 3 குறி: அதில் தெரிந்த சாதனை 119,112,334,170,342,541 படி. டெர்ரி லிகாக்கி, ஷான் லிகாக்கி இருவரும் 2007இல் பிடித்தது. நொடிக்கு நூறு கோடி படி ஓட்டுகிற நிரல் வைத்திருந்தாலும் ஒவ்வொரு படியாக ஓட்டினால் மூன்றே முக்கால் வருடம் ஆகும்.

---

குறுக்குக் கேள்வி

வாத்தியார் ஐயா, ஒப்பீடு முழுக்க நியாயமில்லை. விதி எண்ணிக்கை ஒன்றாக இருந்தாலும் ஒவ்வொரு விதிக்கும் உள்ள வாய்ப்புகள் ஒன்றில்லை. நிற்கும் நிலையையும் சேர்த்தால் 4 நிலை 2 குறியில் ஒரு விதியை 20 விதமாக எழுதலாம் (2 குறி, 2 திசை, 5 நிலை), 2 நிலை 4 குறியில் 24 விதம் (4, 2, 3). போட்டியாளர்கள் அதிகம், அதனால் சாதனையும் பெரிது. அவ்வளவுதான் விஷயமாகவும் இருக்கலாமே?

---

கணக்கு வாத்தியார்

கேட்க வேண்டிய கேள்விதான். 20இன் 8ஆம் அடுக்கு 2560 கோடி. 24இன் 8ஆம் அடுக்கு 11,007 கோடிச் சொச்சம். நாலேகால் மடங்கு. ஓட்ட நேரமோ முப்பத்தாறாயிரம் மடங்குக்கு மேல் கூடியிருக்கிறது. நாலு மடங்கு ஆளைச் சேர்த்ததற்கு இது தாங்காது.

அப்புறம், சின்ன அளவுகளில் இப்படி இருக்கிறது என்றுதான் சொல்கிறேன். எல்லா அளவுக்கும் குறியே ஜெயிக்கும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒரு நிலை, எத்தனை குறி கொடுத்தாலும் 1 படி என்று மாறிலி மேலே சொன்னதே அதற்கு எதிர் உதாரணம்.

---

பழைய நிரலர்

மூன்றாவது கேள்வியை யாரும் தொடவில்லை, அதுதான் இந்தத் திரியிலேயே நல்ல கேள்வி.

அலெக்ஸ் ஸ்மித் 2007இல் நிரூபித்தது ஸ்டீபன் வுல்ஃப்ராமின் 2 நிலை 3 குறி இயந்திரம் பற்றி, 25,000 டாலர் பரிசும் அதற்குக் கிடைத்தது. ஆனால் அந்த இயந்திரத்துக்கு நிற்கும் நிலையே கிடையாது. அதற்கு மேல், அது கணக்குப் போட வேண்டுமென்றால் டேப்பில் முடிவில்லாத தூரத்துக்கு, திரும்பத் திரும்ப வராத ஒரு அமைப்பை முதலிலேயே நிரப்பித் தர வேண்டும். இதையெல்லாம் யுனிவர்சல் என்று சொல்லலாமா என்று அப்போதே பெரிய சண்டை நடந்தது. பிஸி பீவரில் டேப் காலி. நிரல் என்று நீங்கள் கொடுக்கக்கூடியது அந்த ஆறு விதி மட்டுமே, உள்ளீடு என்று எதுவும் கிடையாது. ஒரு இயந்திரம் எந்த நிரலையும் ஓட்டக்கூடியது என்பது வேறு, அதை வெறும் டேப்பில் விட்டால் என்ன செய்யும் என்பது வேறு. வெறும் டேப்பில் விட்டால் பெரிய யுனிவர்சல் இயந்திரம்கூட ரெண்டு தடவை சுற்றிவிட்டுச் சும்மா நிற்கலாம்.

தனித்தனி எண்ணாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் ஏதோ ஒரு திட்டமான எண்தான். எல்லா அளவுக்கும் விடை சொல்கிற ஒரே நிரல் கிடையாது என்பதுதான் தேற்றம். அப்படி ஒன்று இருந்தால் எந்த இயந்திரத்தையும் அத்தனை படி ஓட்டிப் பார்த்து, அதற்குள் நிற்காவிட்டால் இனி நிற்கவே நிற்காது என்று சொல்லிவிடலாம், ஹால்டிங் பிரச்சினையே தீர்ந்துவிடும். அதனால் ஒவ்வொரு எண்ணையும் தனித்தனியாக மல்லுக்கட்டித்தான் எடுக்க வேண்டியிருக்கிறது. 21ஐ லின், ராடோ இருவரும் 1965இல் முடித்தார்கள். 107ஐ ஆலன் பிரேடி 1983இல் வெளியிட்டார். 2 நிலை 3 குறிக்கு 38தான் என்பதற்கு 2007இல் லஃபித், பாபாசியன் நிரூபணம் கொடுத்தார்கள்.

5 நிலை இயந்திரத்தை மார்க்ஸன், பன்ட்ராக் இருவரும் 1989இல் கண்டுபிடித்துவிட்டார்கள், அதைவிட அதிகம் ஓடி நிற்பது எதுவும் இல்லை என்று சொல்ல 35 வருடம் ஆனது. பிபி சேலஞ்ச் என்ற பெயரில் இணையத்தில் கூடிய தன்னார்வலர்கள் 2024 ஜூலையில் முடித்தார்கள். ஆரம்பித்தது 2022இல், ட்ரிஸ்டன் ஸ்டெரின். முழு நிரூபணமும் காக் என்ற நிரூபணச் சரிபார்ப்பு மென்பொருளில் இருக்கிறது (இப்போது ராக் என்று பெயர் மாற்றிவிட்டார்கள்), கடைசியில் அதை எழுதி முடித்தவர் எம்எக்ஸ்டிஒய்எஸ் என்ற புனைபெயர்க்காரர். 2 நிலை 4 குறிக்கான 39 லட்சமும் அதே வேலையில் உறுதியானது.

இதில் கஷ்டம் நிற்கிற இயந்திரங்களால் வந்ததில்லை, நிற்காதவற்றால் வந்தது. ஸ்கெலெட் 1 என்று ஒன்று இருக்கிறது, பல்கேரியாவின் கியோர்கி கியோர்கியேவ் 2003இல் தன் நிரலால் தீர்க்க முடியாமல் மிச்சம் விட்டவற்றில் ஒன்று. அது ஒரே மாதிரி திரும்பத் திரும்பச் செய்கிற சுழற்சியில் விழுகிறது, ஆனால் விழுவதற்கு முன்னால் 10இன் 51ஆம் அடுக்குக்கும் மேலான படிகள் தாறுமாறாக ஓடுகிறது, அந்தச் சுழற்சியின் நீளமே 800 கோடிக்கு மேல். வெறும் ஐந்து நிலை, பத்து விதி!

சாதனை இயந்திரத்தைப் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன். 4.7 கோடி படியைப் பார்த்து மிரள வேண்டாம், உள்ளே நடப்பது ஒரு சின்னக் கணக்கு. ஒரு எண்ணை வைத்துக்கொள்ளுங்கள், 3ஆல் வகுங்கள். மீதி 0 என்றால் ஈவை 5ஆல் பெருக்கி 6 கூட்டு, மீதி 1 என்றால் ஈவை 5ஆல் பெருக்கி 9 கூட்டு, மீதி 2 என்றால் முடித்துக்கொள். 0இல் ஆரம்பித்தால் 6, 16, 34, 64, 114, 196, 334, 564, 946, 1584, 2646, 4416, 7366, 12284. இந்தக் கடைசி எண்ணை 3ஆல் வகுத்தால்தான் முதல் தடவையாக மீதி 2 வருகிறது. மூன்றில் ஒரு வாய்ப்பு இருக்கிற ஆபத்தை அது பதினான்கு எண் வரை தள்ளிக்கொண்டே போயிருக்கிறது, அவ்வளவுதான் அதன் வெற்றி ரகசியம். கொலாட்ஸ் கணக்கின் (இரட்டை என்றால் பாதியாக்கு, ஒற்றை என்றால் 3ஆல் பெருக்கி 1 கூட்டு என்று போகிற, இன்னும் தீராத புதிர்) தங்கச்சி என்று வைத்துக்கொள்ளுங்கள். சி மொழியில் எழுதினால் கண் மூடித் திறப்பதற்குள் ஓடிவிடும், பைத்தானில் என்றால் டீ போட்டுக்கொண்டு வரலாம்.

---

தனிமரம்

அனைவருக்கும் நன்றி. 'நில்'லை எடுத்துவிட்டு ஓட்டியதும் 1, 6, 21 சரியாக வருகிறது. இன்னும் ஒரே ஒரு சந்தேகம். பாடப்புத்தகத்தில் எல்லாம் டேப் ஒரு பக்கம் மட்டும் முடிவில்லாதது என்று வருகிறதே, இடது ஓரத்தில் சுவர். அந்த வகையில் இந்த எண்கள் என்ன ஆகும்? வட்டமான டேப் என்று யாராவது செய்திருக்கிறார்களா?

---

மாறிலி

வட்டமான டேப்பில் சுவாரசியம் இல்லை. கட்டங்கள் எண்ணிக்கைக்கு உட்பட்டவை என்பதால் மொத்த நிலவரங்களும் எண்ணிக்கைக்கு உட்பட்டவை, அத்தனை படிக்கு மேல் ஓடினால் பழைய நிலவரம் திரும்ப வந்தே தீரும், அதாவது நிற்காது. எப்போதும் முடிவு சொல்லிவிடலாம்.

சுவர் வைத்த டேப்பில் முதலில் தீர்மானிக்க வேண்டியது, சுவரில் மோதினால் என்ன என்பது. இயந்திரம் விழுந்து செத்துவிட்டது என்று வைக்கலாம், அதையே நிற்பதாக எண்ணலாம், அல்லது சில புத்தகங்களில் இருப்பது போல தலை அதே கட்டத்தில் நின்றுவிடும் என்று வைக்கலாம். மூன்றுக்கும் மூன்று வேறு எண்வரிசை. கடைசி வகையில் உங்கள் பழைய 2 திரும்பி வந்துவிடும் பாருங்கள்: 0 படித்தால் 1 எழுதி இடம் போ, சுவர் இருப்பதால் அங்கேயே நிற்கும், 1 படித்தால் முடித்துக்கொள். முதல் வகையிலோ பிரபலமான சாம்பியன்கள் உயிரோடு இருக்க மாட்டார்கள். 2 நிலை 2 குறி சாம்பியன் (அ: 0 என்றால் 1 வலம் ஆ, 1 என்றால் 1 இடம் ஆ, ஆ: 0 என்றால் 1 இடம் அ, 1 என்றால் 1 வலம், முடித்துக்கொள்) ஆறு படியில் நான்கு 1 எழுதுகிறது, ஆனால் மூன்றாவது படியிலேயே ஆரம்பக் கட்டத்துக்கு இடப்பக்கம் போய்விடும். வாத்தியாரின் 38 படிக்காரரும் அதே மூன்றாவது படியில் காலி. பெரிய அளவில் பார்த்தால் ஒரு பக்க டேப்பில் முடிவதெல்லாம் இரு பக்க டேப்பிலும் முடியும், மறுதலையும் உண்மைதான். சின்ன எண்களை ஒப்பிடும்போதுதான் இந்த வழக்கங்கள் கழுத்தை அறுக்கின்றன.

எனக்குப் பிடித்த வகை வேறு, ஸ்காட் ஆரன்சன் 2020இல் சொன்ன 'பீப்' வகை. அதில் நிற்கவே தேவையில்லை. ஒரு நிலைக்கு வரும்போதெல்லாம் இயந்திரம் ஒரு பீப் அடிக்கும், கடைசி பீப் எத்தனையாவது படியில் என்பதுதான் மதிப்பெண், அதற்கப்புறம் சத்தமில்லாமல் எவ்வளவு வேண்டுமானாலும் ஓடட்டும். சாதாரணப் போட்டியில் 3 நிலைக்கு 21 என்றால் இதில் 55 வரை போகிறது. 4 நிலைக்கு 107 என்ற இடத்தில் இதில் 3,27,79,478 படிக்கு அப்புறம் கடைசி பீப் அடிக்கும் இயந்திரம் இருக்கிறது. வளர்ச்சி வேகமும் சாதாரண பிஸி பீவரை அடித்துத் தின்றுவிடும், ஹால்டிங் பிரச்சினைக்கு விடை சொல்கிற மந்திரப் பெட்டியையே கையில் கொடுத்தாலும் இதைக் கணக்கிட முடியாது.

---

குறுக்குக் கேள்வி

6 நிலை 2 குறி எப்போது முடியும்?

---

பழைய நிரலர்

நம் காலத்தில் முடிந்தால் அதிசயம். கீழ் எல்லை மட்டும் ஏறிக்கொண்டே இருக்கிறது: பாவெல் க்ரோபிட்ஸ் 2010இல் பிடித்தது 10இன் 36,534ஆம் அடுக்கைத் தாண்டியது, 2022இல் அவரே கண்டுபிடித்தது 10↑↑15ஐத் தாண்டியது, அதாவது 10 மேல் 10 மேல் 10 என்று பதினைந்து மாடி. 2025இல் எம்எக்ஸ்டிஒய்எஸ் அதையும் 2↑↑↑5 என்று ஏற்றிவிட்டார் (மாடிகளின் எண்ணிக்கையே இன்னொரு மாடிக் கோபுரமாக வரும் குறியீடு), அதை மாடியாக எழுதிக் காட்டவும் முடியாது.

ஆனால் உண்மையான முட்டுக்கட்டை ஆன்டிஹைட்ரா என்ற இயந்திரம், 2024இல் பிடிபட்டது. அதன் உள்கணக்கு இப்படி: எண் 8இல் ஆரம்பம், ஒரு கல்லா 0இல் ஆரம்பம். ஒவ்வொரு சுற்றிலும் எண் இரட்டை என்றால் கல்லாவில் 2 கூட்டு, ஒற்றை என்றால் 1 கழி, பிறகு எண்ணை ஒன்றரை மடங்காக்கிப் பின்னத்தை வெட்டிவிடு. கல்லா 0க்குக் கீழே போனால் நிற்கும். 8, 12, 18, 27, 40, 60, 90, 135, 202 வரை கழித்துக் கூட்டினால் கல்லாவில் 12. இரட்டை ஒற்றை நாணயம் சுண்டியது மாதிரி வரும் என்று வைத்துக்கொண்டால், கல்லா எப்போதாவது ஒன்று குறைவதற்கான வாய்ப்பு 0.618, ஆமாம் அதே தங்க விகிதம்தான். 12இலிருந்து கீழே விழ பதின்மூன்று குறைய வேண்டும், 0.618இன் 13ஆம் அடுக்கு ஆயிரத்துக்கு இரண்டுகூட இல்லை, போகப் போகக் கல்லா நிரம்பி அதுவும் பூச்சியத்துக்குப் பக்கமாகிறது. நிற்காது என்று எல்லோருக்கும் தெரிகிறது, நிரூபிக்கத்தான் கணிதத்தில் இன்னும் கருவி இல்லை. ஒன்றரையால் பெருக்கிக்கொண்டே போனால் இரட்டையும் ஒற்றையும் எப்படி வரும் என்பது கொலாட்ஸ் பக்கத்துப் பழைய புதிர்.

---

தனிமரம்

இதை நானே ஓட்டிப் பார்க்கலாம் போலிருக்கிறதே.

---

பழைய நிரலர்

பார்க்கலாம், பைத்தானில் ஏழெட்டு வரி. எண் ஒவ்வொரு சுற்றிலும் ஒன்றரை மடங்காவதால் லட்சம் சுற்றில் ஐம்பத்தெட்டாயிரம் பிட் சொச்சத்துக்கு வந்துவிடும், சுற்றுக்குச் சுற்று முழு எண்ணையும் பெருக்கிக்கொண்டிருந்தால் அப்புறம் நகராது. எத்தனை சுற்று முன்னால் பார்க்க வேண்டுமோ அத்தனை கடைசி பிட்களை மட்டும் தனியாக எடுத்து ஓட்டுங்கள், இரட்டையா ஒற்றையா என்று சொல்ல அது போதும். மேல்பகுதியை மொத்தமாக ஒரே பெருக்கலில் சேர்த்துக்கொள்ளலாம்.